ஐம்பது நாகூர்

“பாரீஸ் எத்தனை கிலோமீட்டருங்க?” என்று கேட்டார் முல்லா வீதி குடைக்கடை ஷஹாபுதீன். உட்காரக்கூட இல்லை.

பம்பாயிலிருந்து விமான வழியில் ஏழாயிரம் என்றேன். மிஷன் வீதியில் எங்கள் டிக்கெட் ஆபீஸ் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படி ஓர் எண்ணைச் சொல்வதே பெருமையாக இருந்தது.

அவர் மனக்கணக்குப் போட்டார். “இங்கேருந்து நாகூரு நூத்தி நாப்பது. அப்போ அம்பது நாகூரா! வேணாம், முடியாதுன்னு கடுதாசி போட்டுடலாம்.”

அவர்கள் குடும்பத்தில் பெண் கொடுத்த மிகத் தொலைவான ஊர் நாகூர். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பும் பெண், இரவு இஷா தொழுகைக்குள் புகுந்த வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் தூரமென்றால் சம்பந்தம் கிடையாது.

இப்போது பெண் கேட்டிருப்பவர் காரைக்கால்காரர். பாரீஸில் தபால் ஆபீஸ் வேலை. தூரத்தைத் தவிர அவரிடம் ஷஹாபுதீனுக்கு வேறு குறை தெரியவில்லை.

“கிலோமீட்டர யாரு மாமா கேட்டா? நேரத்தக் கேளுங்க,” என்றாள் கூட வந்திருந்த அவர் தங்கை மகள் பரீதா. பதினெட்டு வயதிருக்கும். அவள் அம்மா பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டவணையைப் பிரித்தேன். பம்பாயில் காலை எட்டு மணிக்கு ஏறினால் பாரீஸில் பகல் ஒரு மணி. அங்கே கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால்.

“கேட்டீங்களா? சுபுஹு பம்பாயில, லுஹரு பாரீஸ்ல! நாகூரு பஸ்ஸு சிதம்பரத்துல டயர் வெடிச்சா சாயங்காலம் அஸருக்குக்கூடப் போய்ச் சேராது.”

“பம்பாய் போற ரெண்டு நாள எதுல சேக்கறது?”

“அதுவரைக்கும் நீங்கதான் கூட வர்றீங்களே, மாமா. வீட்டு ஆளு கூட இருந்தா அது பயணமா? நம்ம வீடே ரயிலேறிப் போவுதுன்னு வச்சிக்குங்க.”

ஷஹாபுதீன் சிரித்துவிட்டார்.

தன் கல்யாணத்துக்குத் தானே இப்படி வாதாடும் பெண்ணை நான் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“சரி. நிக்காஹ் முடிஞ்சு விசா வந்துடட்டும். ஜனவரி கடைசியில ஒரு டிக்கெட்டு போடுங்க,” என்றார்.

படிவத்தை எடுத்துப் பரீதாவிடம் பேரும் வயதும் கேட்டேன்.

“எனக்கெதுக்குங்க? எனக்கு மார்ச்சுல பரீட்சை. கல்யாணப் பொண்ணு அதோ உக்காந்திருக்கு. அத்தா மவுத்தாகி அம்மா தனியாயிப் பத்து வருஷமாச்சு, இப்பதான் சரின்னு சொல்லியிருக்கு.”

என் கை படிவத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

பெஞ்சில் இருந்தவர் தலை நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, பேனாவுல மை இல்லையா? ஜீனத்துன்னிசா. வயசு நாப்பத்தொண்ணு. எழுதுங்க.”