எட்டு ட்ராக்கிலும்

கைக்குட்டையை மடித்து வாயருகே கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள்.

டிரம்ஸைச் சுற்றி எட்டு மைக். ஒவ்வொன்றுக்கும் தனி ட்ராக். எதிரொலி வராமலிருக்க ஜன்னலை மறைத்து மெத்தை நிற்கிறது. பீரோக் கதவுகள் திறந்து கிடக்கின்றன. கல்யாணப் பட்டு உட்பட அத்தனை சேலைக்கும் இன்று எதிரொலியைக் குடிக்கும் வேலைதான்.

தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டின் படுக்கையறை. பகல் பதினொன்றரை.

மூன்று மணிக்குள் எட்டு ட்ராக்கும் சென்னைக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் பாட்டு மிக்ஸிங்குக்குப் போகிறது.

அவளுக்கு ஒரு பழக்கம். அடிக்கும்போது வாய் எண்ணும். சர்ச்சில் வாசித்த காலத்திலிருந்து அப்படித்தான். வாய் நின்றால் கையும் நின்றுவிடும்.

சென்னையிலிருக்கும் இசையமைப்பாளருக்கு அது ஆகவே ஆகாது.

“தங்கச்சி, வாயை மூடிட்டு அடிம்மா. உன் குரல் எல்லா மைக்லயும் விழுது. ஒரு ட்ராக்ல தொடைச்சா இன்னொண்ணுல நிக்குது.”

அன்றிலிருந்துதான் கைக்குட்டை. அதைக் கடித்துக்கொண்டு மூன்று பாட்டு அடித்தாள். தாடை வலியில் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை.

மூன்று பாட்டும் வெளிவந்தன.

மூன்றிலும் ‘டிரம்ஸ்’ என்ற இடத்தில் இசையமைப்பாளரின் மச்சான் பெயர்.

மச்சானாம்! குச்சியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத ஆள்.

கேட்டாள். கேட்காமல் இல்லை.

“அடுத்த பாட்டுல போட்டுரலாம்மா.”

முதல் தடவை நம்பினாள். இரண்டாம் தடவை நம்பியதுபோல் இருந்துகொண்டாள். மூன்றாம் தடவை பற்றிக்கொண்டு வந்தது.

ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் கணவன் ஆல்வின். பதிவு செய்வதும் அனுப்புவதும் அவன்தான். மெயில் எல்லாம் அவன் பெயரில்தான் போகும்.

அவன் எட்டிப் பார்த்தான்.

“ஏட்டி, கர்ச்சீப் எங்க?”

அவள் அதைப் பீரோவுக்குள் வீசினாள்.

“இதுவும் போயிரும்ட்டி. அப்புறம் கூப்பிடவே மாட்டாரு.”

“போனா போட்டும்.”

 ஆல்வின் ஹாலுக்குப் போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான்.

முதலில் வாய் உதட்டுக்குள்ளேயே எண்ணியது.

கடைசிப் பல்லவி வந்தது. ஹெட்போனில் பாடகனின் குரல் ஏறியது. அவன் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

சிம்பலோடு சேர்த்து நான்கு அடி.

நான்கு அடிக்கு நான்கு எழுத்து.

எண்ணவில்லை. தொண்டை கிழியத் தன் பெயரைச் சொன்னாள்.

மறுபடியும் நான்கு அடி. மறுபடியும் பெயர்.

அடி விழுந்த இடத்தில்தான் பெயரும் விழுந்தது. பெயரை வெட்டினால் அடியும் சேர்ந்து போகும். நன்றாகத் தெரிந்துதான் செய்தாள்.

பாட்டு முடிவதற்குள் பதினாறு தடவை.

ஆல்வின் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகப் போட்டுக் கேட்டான்.

காலால் மிதிக்கும் கிக் டிரம். அதற்கு அடியில் அவள்.

ஸ்நேர் டிரம். அவள்.

தலைக்கு மேல் தொங்கிய இரண்டு மைக்கிலும், பக்கத்தில் நின்று கத்துவதுபோல் அவள்.

இன்னொரு டேக் போகலாமா என்று அவன் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அனுப்பிவிட்டான்.

மெத்தையைக் கட்டிலில் போட்டாள். பீரோவைச் சாத்தினாள். சோறு வைத்தாள்.  பயம்தான், பொய் சொல்வானேன். இனி ஒரு பாட்டுகூட வராமல் போகலாம்.

மூன்றேகாலுக்கு ஆல்வினின் போன் அடித்தது. இசையமைப்பாளர். அவளே வாங்கி, “சொல்லுங்கண்ணே” என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா அனுப்பியிருக்கீங்க? எட்டு ட்ராக்லயும் ஒரு பொம்பளை கத்துது. வெட்டவும் முடியல. வேற ஆள வச்சு அடிக்க நேரமும் இல்ல.”

அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

“தங்கச்சி, லைன்ல இருக்கியா?” அவர் குரல் தணிந்தது. “ஆமா, யாரும்மா அது, ஜெபசீலி?”

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று பாட்டு. ஒன்றரை வருஷம். வாய்க்கு வாய் தங்கச்சி. பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

பதில் சொல்ல ஆல்வின் வாயைத் திறந்தான். கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

“டிரம்ஸ்ண்ணே” என்றாள்.