இடுப்பு வலி யாருக்கு

பலசாலிப் போட்டிகளுக்காகப் பாரம் தூக்கித் தூக்கியே செல்வினின் இடுப்பு கெட்டுப்போயிருந்தது. ஆனாலும் அவனுக்கு வலித்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு, அந்த வலியைத் தன் உடம்புக்கு மாற்றி வாங்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி எஸ்தர்.

எஸ்தர் மாரடைப்பில் இறந்ததும், வலி தன்னிடமே திரும்பிவிடும் என்று நினைத்து அவன் காத்திருந்தான். அது வரவேயில்லை. செத்த பிறகும் அவள்தான் சுமக்கிறாளோ என்று அவன் பயந்தான்.

போட்டி நெருங்கவே மறுபடி பயிற்சியில் இறங்கினான். கொல்லையில் உருண்டைக் கல்லைத் தூக்கி நெஞ்சோடு அணைத்த நொடியில், சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. கல்லைப் போட்டுவிட்டு ஓடினான். கல்லூரிக்குப் போகும் மகள் பெனிட்டா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, எஸ்தர் வலியோடு நின்றதைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள்.

"எப்பம்மா மாத்தி வாங்குன?"

"அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்பவேப்பா. நீங்க ஜெயிக்கணும்னு அம்மாதான் கேட்டாங்க."

"நாளைக்கே போய் நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"போட்டி முடியட்டும்ப்பா."

கூடவே கூடாது என்று சொல்லத்தான் செல்வின் வாயைத் திறந்தான்.

"சரிம்மா" என்றான்.