தலைக்குப் பத்து மொச்சை

கடல் நடுவே ஒரு குட்டித் தீவு. அதில் ஐந்தே பிராணிகள். கப்பல் இறக்கிவிட்டுப் போன ஐம்பது மொச்சையையும் பெருச்சாளி தன் வளைக்குள் இழுத்துக்கொண்டது. காகமோ வழக்கம்போலத் தலைகளை எண்ணி, வகுத்து, பாறையில் கரியால் எழுதி வைத்தது: "தலைக்குப் பத்து."

அணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, எனக்கு ஒண்ணுகூட வரலையே!"

"பத்து வந்திருக்கு. பாறையைப் பாரு."

"பாறையைப் பார்த்தா வயிறு நிறையுமா? எல்லாம் பெருச்சாளி வளையில கிடக்கு!"

"வளை தீவுக்குள்ளதானே இருக்கு?"

"சரி, உங்களுக்கு வந்துச்சா?"

"எனக்கும் பத்து" என்றது காகம். அதன் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"உங்களோட மாரடிக்க என்னால முடியாது!" அணில் ஒரு தென்னை மட்டையில் ஏறிக் கடலில் இறங்கிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் கரையிலிருந்து காகம் கத்துவது கேட்டது. மனசு மாறிக் கூப்பிடுகிறதோ என்று அணில் திரும்பிப் பார்த்தது.

காகம் பழைய எழுத்தைச் சிறகால் துடைத்துக்கொண்டிருந்தது. "நல்ல சேதி! இப்போ தலைக்குப் பன்னிரண்டரை!"