முழுசுக்கும் வரி போடுங்க

மகளின் காரியம் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் சம்பாத்தியத்துக்குக் கணக்குப் போட வந்து உட்கார்ந்துவிட்டார் ராசாங்கம்.

பெரம்பலூரில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் பாலசுந்தரத்துக்கு அவரைப் பார்த்ததுமே மனசு கசந்தது. சேதி ஊரறிந்ததுதான். சிறுவாச்சூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற மனுஷன். ஒரே மகள் மணிமொழி, காலேஜில் கடைசி வருஷம். ஸ்கூட்டியில் டவுனுக்கு வந்தவளை பைபாஸில் லாரி அடித்துவிட்டது.

படிக்கும்போதே அவள் கைநிறையச் சம்பாதித்திருக்கிறாள். வெளிநாட்டுக் குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்கு லேப்டாப்பில் படம் வரைந்து அனுப்புவாள். பணம் மாசாமாசம் அவள் பேங்க் கணக்குக்கு வந்துவிடும்.

இறப்புச் சான்று, தாசில்தார் ஆபீசுக்கு அலைந்து வாங்கிய வாரிசுச் சான்று, மகளின் பான் கார்டு என எல்லாவற்றையும் ராசாங்கம் மேஜையில் வைத்தார். செத்தவங்க பேரில் வாரிசு வரி கட்டலாமாமே என்று கேட்டார்.

கட்டலாம், ஆனால் கட்டவே தேவையிருக்காது என்றார் பாலசுந்தரம். இது சொந்தத் தொழில் மாதிரிதான். லேப்டாப், நெட், கரண்ட் என்று சட்டப்படி கழிக்க வேண்டியதைக் கழித்தால் வரியே வராது, ரிட்டர்ன் மட்டும் போட்டால் போதும். இதைக் கேட்டால் யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ராசாங்கம் தலையை ஆட்டினார்.

"எதையும் கழிக்காதீங்க சார். வந்தது முழுசையும் காட்டுங்க. முழுசுக்கும் வரி போடுங்க."

"கையிலேருந்து போகும்ங்க. திரும்ப வராது."

"போவட்டும் சார்."

அவர் படியிறங்கியதும் பாலசுந்தரம் உதவியாளர் சுகன்யாவிடம் பொரிந்து தள்ளினார். விபத்தில் செத்தவருக்கு எவ்வளவு வருமானம் காட்டுகிறார்களோ அந்த அளவுக்குத்தான் கோர்ட்டில் நஷ்டஈடு ஏறும். எந்த வக்கீலோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான். இந்த மாதிரி ரெண்டு மூன்று பேருக்குப் போட்டுக் கொடுத்தவர்தான் பாலசுந்தரமும். அவர்களெல்லாம் வீட்டுக்காரனைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு நின்றவர்கள். இந்த ஆளுக்கு என்ன கேடு?

"புள்ள போன துக்கத்துல இருக்கற மனுஷன் சார்" என்றாள் சுகன்யா.

"துக்கத்துல இருக்கறவன் செய்யிற வேலையாம்மா இது? ஒண்ண வெச்சு பத்தா எடுக்கப் பாக்குறாரு."

வரித்துறையில் வாரிசு என்று பதிவாகி ஒப்புதல் வர சில நாள் ஆனது. வரிப்பணத்தோடு மறுபடி வந்தார் ராசாங்கம். வெங்காயம் விற்ற பணமாம். மகள் கணக்கில் இருந்ததைத் தொடவில்லையாம். இதுவும் ஒரு நடிப்பு என்றே பாலசுந்தரம் நினைத்தார். பணத்தைக் கட்டி, ரிட்டர்னை அனுப்பி, ரசீதை அச்செடுத்து நீட்டும்போது அவரால் வாயை அடக்க முடியவில்லை.

"கேஸ் எந்தக் கோர்ட்ல போட்டிருக்கீங்க?"

"என்ன கேஸ் சார்?"

"நஷ்டஈட்டுக் கேஸ்தான். அதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

ராசாங்கத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கேஸெல்லாம் போடலீங்க. வக்கீலு ஒருத்தரு வூட்டுக்கே வந்தாரு. வேணாம்னு அனுப்பிட்டேன். அவ உசுருக்கு வெல வாங்கி நான் என்ன சார் பண்ணப்போறேன்?"

பாலசுந்தரத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்புறம் எதற்கு இந்த வரி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ராசாங்கம் ரசீதைப் பார்த்தபடியே சொன்னார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாளாம். வெளிநாட்டிலிருந்து பணம் வருகிற விஷயம் கசிந்ததும் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்களாம். படம் வரைந்தால் இவ்வளவு காசு கொடுப்பானா, கேமரா முன்னால் என்னத்தைக் காட்டுகிறாளோ என்றுகூடப் பேச்சு வந்ததாம். அது அவள் காதுக்கும் போய்விட்டது.

"'தப்பான காசா இருந்தா வரி கட்டுவனா? கட்டி ரசீதோட வரேன்'னு அழுதுகிட்டே வண்டிய எடுத்துச்சு சார். உங்க ஆபீசுக்குத்தான் கிளம்புச்சு. வந்து சேரல."

சுகன்யா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள்.

இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று பாலசுந்தரத்துக்குக் கூசியது. அந்தக் கூச்சம் அப்படியே ஊரின் மேல் கோபமாகத் திரும்பியது.

"இதுக்கு நாலு நகல் எடுத்துத் தரச் சொல்றேன், கொண்டு போங்க. பச்சப் புள்ளைய எவன் நாக்கூசாம கேட்டானோ, அவன் மூஞ்சியில விட்டெறிங்க."

ராசாங்கம் ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நகல் வேணாம் சார், இது ஒண்ணு போதும். ஊரு முதுகுக்குப் பின்னாடி பேசுனதோட சரி. அவள நிக்கவெச்சு நேருக்கு நேரா கேட்டது நான் ஒருத்தன்தான்."