ஏழாவது கணக்கு

1959இல் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்துவந்த தனுஷ்கோடி, பொறியியல் முதலாண்டுக் கணிதத்தைத் தபால் வழியாகப் படித்தான். தேறினால் கொழும்புக்குப் போய் மேலே படிக்கலாம். வாரந்தோறும் ஏழு கணக்குகள் வரும். ஏழாவது அவனுக்குப் பிடிபடவே பிடிபடாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்புவான். விடைத்தாள் திருத்தி வரும்போது ஏழாவதும் போடப்பட்டிருக்கும், அவன் கையெழுத்திலேயே. விடையும் சரி.

நான்காவது வாரமும் அப்படியே வந்தபோது தாளை வீட்டில் காட்டினான்.

“நல்லதுதானேண்ணே, பேசாம இருங்க,” என்றாள் தங்கை வீரம்மா.

“போடாத கணக்குக்கு எப்புடி மார்க்கு வாங்குறது?”

ஏழாவது தன்னுடையதல்ல என்று, தாள் திருத்தும் விரிவுரையாளருக்கு உண்மையை எழுதிப் போட்டான். பத்தாம் நாள் பதில் வந்தது.

‘உங்கள் விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஏழாவது மட்டுமே உங்கள் கையெழுத்து. முதல் ஆறையும் எழுதித் தருபவர் யார்?’

தனுஷ்கோடி அதை நாலைந்து தடவை வாசித்தான். ஒன்றும் புரியவில்லை. வீரம்மாவைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரிலேயே ஒரு தாளில் தன் பெயரை எழுதினான்.

“இது யாரு எழுத்துன்னு பாத்துச் சொல்லு.”

அவள் தாளை வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“‘தனுஷ்’ ஒருத்தரு எழுதுனது. ‘கோடி’ வேற ஆளு எழுதுனதுண்ணே.”