பொருளடக்கத்தில் ஒரு வரி

"அட்டையில வேணாம், மேடம். உள்ளே எங்கேயாவது சின்னதா போட்டாப் போதும். கன்டென்ட்ஸ் பக்கத்துல எங்க அம்மு ஸ்ரீலக்ஷ்மி பேர் வந்துடணும், அவ்வளவுதான்."

சந்திரிகா டீச்சர் எதிரே நின்ற விசாலாக்ஷி அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். கணவருக்கு மாற்றலாகிக் கோயமுத்தூரிலிருந்து புனே வந்து, வானவடியில் இந்தப் பள்ளியில் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆண்டு மலரைச் சந்திரிகாவின் தலையில் கட்டிவிட்டார்கள். தன் பிள்ளை வரைந்த படத்தை அட்டையில் போடச் சொல்லி உயிரை வாங்காத பெற்றோரை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

அவள் கொண்டுவந்த படமோ அத்தனை அழகு. கொட்டும் மழையில் ஒரு ஸ்கூட்டர், ஒரே ரெயின்கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு அம்மாவும் பெண்ணும். வருஷம் தவறாமல் பள்ளிக் கட்டடத்தையும் கொடிக்கம்பத்தையும் சுமந்து அலுத்துப்போன அட்டைக்கு இதுதான் என்று சந்திரிகா முடிவே கட்டிவிட்டாள்.

"ஏனுங்க வேண்டாம்ங்கறீங்க? அட்டைப்படம் வரைஞ்ச குழந்தையை மேடைக்குக் கூப்பிட்டு, அது கையாலதான் மலரை வெளியிடுவாங்களாமே!"

"அதனாலதான் வேணாம்ங்கறேன்" என்றாள் விசாலாக்ஷி, குனிந்த தலை நிமிராமல்.

சந்திரிகாவுக்கு எங்கோ இடித்தது. பேசாமல் கணினியில் பொருளடக்கத்தைத் திறந்தாள். பெயர், வகுப்பு, பிரிவு, பக்க எண். 'ஸ்ரீலக்ஷ்மி, ஒன்பதாம் வகுப்பு' என்று அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்த செக்‌ஷன்?"

"செக்‌ஷனா... அதை மட்டும் போடாம விட்டுடலாமா? வருஷா வருஷம் மாத்திடறாங்க, மேடம்."

பெற்ற பெண் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்றுகூடத் தெரியாத தாயா! சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தை எடுத்து மறுபடி உற்றுப் பார்த்தாள். கோடுகளில் ஒரு தடுமாற்றம் இல்லை. சின்னப் பெண்ணின் கை இல்லை இது.

"உண்மையைச் சொல்லுங்க. இதை வரைஞ்சது நீங்கதானே?"



"ஆமாம், மேடம்."

"அதானே பார்த்தேன்! மேடையேறினா குட்டு வெளிப்பட்டுரும்னு அட்டை வேண்டாம், பேர் மட்டும் வேணும். அப்ப சொந்தமா கஷ்டப்பட்டு வரைஞ்ச குழந்தைங்க எல்லாம் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"தப்புதான். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒரு வருஷம் விடாம அவ பேர் வந்துட்டிருக்கு. இந்தத் தடவை புத்தகத்தைப் பிரிச்சு அவ பேர் இல்லைன்னா, எனக்குத் தாங்காது மேடம். கெஞ்சிக் கேக்கறேன்."

நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சந்திரிகா. கொஞ்சமும் இரங்காமல், அடித்த வரியை அவள் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

"நாளைக்கு உங்க பொண்ணை அனுப்புங்க. என் முன்னால உட்கார்ந்து ஒரே ஒரு பூ வரையட்டும், அதையே போட்டுடறேன். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு அதுகூட வரைய மாட்டாளா?"

விசாலாக்ஷி படத்தை எடுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள், திரும்பி நின்றாள்.

"இருந்திருந்தா, இந்த வருஷம்தான் ஒன்பதாவது, மேடம்."