ஒரு ஓட்டு வித்தியாசத்தில்

“ஒன்பது பேர் போதுமாங்க, இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்கவா?” என்று கேட்டாள் ராத்ரி.

“போதும், போதும். பத்தாவதா நான் இருக்கேன். எட்டாம் மாடி டீச்சரும் மூணாம் மாடிக்காரரும் நமக்குத்தான் போடுவாங்க” என்றான் காலிஹ்.

மேஜை மேல் இருந்த கணினியில், அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சங்கத்தின் ஆன்லைன் கூட்டம் ஒன்றே பத்து ஜன்னல்களில் திறந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுக்காரரின் பெயர், வீட்டு எண். ஒன்றிலும் முகம் இல்லை. ஜகார்த்தாவில் நெட் இருக்கும் லட்சணத்துக்குக் கேமராவை அணைத்துவிட்டு உட்காருகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு மென்பொருளை ஒரு கணினியில் ஒரு தடவைதான் திறக்க முடியும் என்று அதுவரை நம்பியிருந்தான் காலிஹ். ராத்ரி அப்படியில்லை. வீட்டிலிருந்தே பல கம்பெனிகளுக்கு வரிக் கணக்குப் பார்க்கிறவள். ஒரே கணக்கு மென்பொருளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கம்பெனியின் கணக்கு இன்னொன்றோடு கலக்காமல் வேலை செய்வாள். அதே வித்தையைத்தான் இப்போது கணவனுக்குச் செய்து கொடுத்திருந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். கட்டடத்தின் லிஃப்ட் நின்று ரொம்ப நாளாகிவிட்டது. அதை ரிப்பேர் செய்வதா வேண்டாமா என்று இன்றைக்குக் கூட்டத்தில் ஓட்டு. இவர்கள் வீடு பத்தாம் மாடி. காலிஹின் அம்மா ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டு, மூத்த மகனான இவனோடு இருந்துவிடுவது என்ற முடிவோடு, இப்போதைக்கு இவன் தம்பி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவர். தினமும் காலையில் போன் செய்து, “லிஃப்ட் ஓடுதாப்பா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி காலிஹுக்கு வாயே கூசிப்போயிருந்தது. லிஃப்ட் ஓடினால் அம்மா வருவார். ஓடாவிட்டால் வரமாட்டார்.

“இருந்தாலும் இது தப்பில்லையா ராத்ரி?”

“என்ன தப்பு? அவங்க யாரும் இங்க குடியே இல்ல. வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டுட்டுப் போனவங்க. கூட்டத்துக்கு வந்திருந்தா லிஃப்ட் வேணும்னுதானே சொல்லியிருப்பாங்க? பாவம் அத்தை, அந்தக் கூடத்துல எத்தனை நாள்தான் படுத்திருப்பாங்க?”

காலிஹுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த வீட்டில் எந்த மருமகள் இப்படிச் சொல்வாள் என்று நினைத்தான். சொல்லவும் சொன்னான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தனக்கு எட்டு கம்பெனி வேலை பாக்கி இருக்கிறது என்று படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் தொடங்கியது. தலைவர் விர்யோ கீழ்த்தளத்துக்காரர். வாசலிலேயே மளிகைக் கடை வைத்திருப்பவர். லிஃப்ட் என்ற சாமான் உலகத்தில் எதற்கு இருக்கிறது என்றே அவருக்குப் புரிந்ததில்லை. ஆளாளுக்குப் பணம் போட்டு ரிப்பேர் செய்வதா என்று அவர் ஒரு மணி நேரம் புலம்பினார். எட்டாம் மாடி டீச்சர், தண்ணீர் கேனை யார் சுமப்பது, நீங்களா என்று கேட்டார். தலைவர் கேனைச் சின்னதாக வாங்கச் சொன்னார்.

கூட்டம் களைகட்டியிருந்தது. எப்போதும் ஆறு பேர் தேறாத இடத்தில் இன்றைக்கு இருபத்தைந்து பேர். மக்களுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தலைவர் நெகிழ்ந்து போனார். ஆனால் காலிஹ் வந்தவர்கள் பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழே படித்தான். இவன் ஜன்னல்களில் இல்லாத சில வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அதில் ஐந்தாம் மாடி சுபாக்யோ என்ற பெரியவரை இந்தக் கட்டடத்தில் ஒருவரும் பார்த்ததே கிடையாது. அவர் வாயைத் திறக்காமல் எழுத்தில் மட்டும் கருத்துச் சொன்னார்: ‘படி ஏறுவது இதயத்துக்கு நல்லது.’

உடனே இன்னும் ஏழு வெளியூர்க்காரர்கள் அதற்குக் கட்டை விரலை உயர்த்தினார்கள்.

‘தலைவர் வேலைதான் இது’ என்று பல்லைக் கடித்தான் காலிஹ். அந்த மளிகைக்கடைக்காரருக்கு ஜன்னல் திறக்க யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கேட்கவும் முடியாது. கேட்டால் இவன் குட்டும் சேர்ந்து உடையும்.

ஓட்டெடுப்பு வந்தது. கை தூக்கும் படத்தை அழுத்த வேண்டும். காலிஹ் ஜன்னல் ஜன்னலாகப் போய், வியர்க்க வியர்க்க, பத்துக் கைகளையும் தூக்கினான். டீச்சரும் மூன்றாம் மாடிக்காரரும் சேர்ந்து பன்னிரண்டு. வேண்டாம் என்றவர்களைத் தலைவர் நிதானமாக எண்ணினார். பதின்மூன்று.

“ஒரு ஓட்டுல தீர்மானம் தோத்துப்போச்சு. அடுத்த வருஷக் கூட்டத்துல பாத்துக்கலாம்” என்ற தலைவர், “ஐந்தாம் மாடி சுபாக்யோ ஐயா, கை தூக்குறேன்னு மைக்கைத் திறந்துட்டீங்க. மூடுங்க” என்று அதட்டினார். ஐயா மூடவில்லை.

காலிஹ் இடிந்து போய் உட்கார்ந்திருந்தான். நாளைக் காலையில் அம்மாவின் போன் வரும். என்ன சொல்வது?

“தோத்துட்டோம் ராத்ரி” என்று குரல் கொடுத்தான்.

“போகட்டும் விடுங்க. மனசை விட்டுடாதீங்க. அத்தைகிட்ட அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடுங்க” என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ராத்ரி ஆறுதல் சொன்னாள்.

அதே ஆறுதலை, அதே குரலில், அரை நொடி தாமதமாக, ஐந்தாம் மாடி சுபாக்யோவும் சொன்னார்.